எட்டுக்கு நாற்பத்து மூன்று

நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் நான். எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது, அதற்குப் பிறகு ஸ்டியரிங்தான். சொல்லப்போவதும் ஒரு ஜீப்பின் பின்பக்கக் கூட்டைப் பற்றி. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீடு. மலை மேலே எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு அரிசி, காஸ் சிலிண்டர், ஆட்கள் என்று ஏற்றிக்கொண்டு போவேன். ஜீப் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பாதிப் பாதி. அவன் சீவலப்பேரியில் வாழை போட்டிருக்கிறான். தார் வெட்டும் நாட்களில் ஜீப்பில் டிரெய்லர் மாட்டி வள்ளியூர் சந்தைக்குக் கொண்டுபோவான். மற்ற நாட்களில் வண்டி என்னிடம்.

போன மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும்போது பின்னால் 'மடார்' என்று ஒரு சத்தம். கூட்டுக்குள் பல் போய்விட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பின் சக்கரங்களுக்கு நடுவே இரும்புக் கூடு ஒன்று இருக்கும். உள்ளே சின்னப் பல் சக்கரம் ஒன்று, பெரிய பல் சக்கரம் ஒன்று. என்ஜின் பக்கமிருந்து வரும் நீளத் தண்டு சின்னதைச் சுற்றும், சின்னது பெரியதைச் சுற்றும், பெரியது சக்கரங்களைச் சுற்றும். எங்கள் வண்டியில் சின்னதற்கு எட்டுப் பல், பெரியதற்கு நாற்பத்து மூன்று. தண்டு ஐந்து சுற்றுக்குச் சற்று மேலே சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகம் கிடையாது, இழுவை உண்டு. பதினொன்றுக்கு நாற்பத்தேழு என்று இன்னொரு ஜோடி இருக்கிறது. அதில் தண்டு நாலு சுற்றும் கொஞ்சமும்தான். சமதளத்தில் பறக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

மச்சினனுக்கு அந்த இரண்டாவது ஜோடி மேல் ரொம்ப நாளாகக் கண்.

"அத்தான், நாலுவழிச் சாலைல நம்ம வண்டி கத்துத கத்துல காது அடைக்கி. பஸ்ஸுல போறவன்லாம் எட்டிப் பாத்துச் சிரிக்கான். இதான் சமயம், முன்னையும் பின்னையும் சேத்து மாத்திருவோம்" என்றான்.

முன் சக்கரங்களுக்கும் இதே மாதிரி ஒரு கூடு உண்டு. இரண்டிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நின்று ஏதாவது உடையும். அதனால் மாற்றினால் இரண்டையும்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் முழு பாரத்தோடு என்னால் மலை ஏற முடியாது. மலைச் சவாரி போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

"வேண்டாம் மாப்ள. பழைய கணக்கே இருக்கட்டும்" என்றேன்.

"சரி அத்தான், ஒங்க இஷ்டம்" என்று உடனே சொல்லிவிட்டான். ஒரு வாழைக்கன்றுக்குக் கூட அரைநாள் வாதாடுகிறவன் அவன். அந்த 'சரி'தான் என்னை உறுத்தியது.

திருநெல்வேலி பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். மெக்கானிக்கும் மச்சினனும் டீக்கடையில் தலையைச் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. "அண்ணாச்சி டீ சாப்பிடுதியளா?" என்று மெக்கானிக் அளவுக்கு மீறி அன்பாகக் கேட்டார்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. புதுப் பல்லை மாட்டியதும் கூட்டை மூடுவதற்கு முன்னால் வண்டிக்காரன் வந்து பார்க்க வேண்டும். உடைந்ததையும் அவன் கையில் கொடுக்க வேண்டும். நான் போனபோது கூட்டை மூடி ஆயிலும் ஊற்றியிருந்தது.

"பாக்காம மூடிட்டியளே."

"மழை வாற மாதிரி இருந்துச்சு அண்ணாச்சி. உள்ள தண்ணி விழுந்தா கெட்டுப்போவும்லா?"

"பழைய பல்லு எங்க?"

"அதயா? பழைய இரும்புக்காரன் இப்பதான் அள்ளிட்டுப் போனான்."

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கேட்டிருக்கலாம். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வீடு வரும் வழியில் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. புதுப் பல் சத்தம் போடாதுதான். ஆனால் வேகப் பல்லும் அப்படித்தான் ஓடும்.

மறுநாள் வீட்டுக்குப் பின்னால் ஜாக்கி வைத்து ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினேன். டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு, தண்டில் ஒரு கோடு. மனைவியைச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிவிட்டு அடியில் படுத்தேன்.

"என்னத்துக்குங்க இது?"

"பைய ஒரு சுத்து சுத்து. சொல்லுதேன்."

அவள் ஒரு முழுச் சுற்று சுற்றினாள். தண்டில் இருந்த கோடு மூன்றாவது சுற்றைக்கூட முடிக்கவில்லை. திரும்பவும் சுற்றச் சொன்னேன். அதே கணக்கு. ஐந்துக்கு மேல் வர வேண்டியது மூன்றுகூட வரவில்லை. வெளியே வந்து, "ஒன் தம்பி என்னய ஏமாத்திட்டான்" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். "நீ என்ன செய்வியோ தெரியாது. இப்பமே இங்கன வந்து நிக்கணும்" என்றது மட்டும் எனக்குக் கேட்டது.

சாயங்காலம் பைக்கில் வந்து இறங்கினான். கணக்கைச் சொன்னேன். சிரித்துவிட்டான்.

"மூணுக்கும் கொறச்சலா? அப்படி ஒரு பல்லு ஜீப்புக்கு எங்க இருக்கு? ஏரோப்ளேன்ல இருந்தா கழத்திட்டு வந்தோம்?"

"அப்ப தண்டு பொய் சொல்லுதாக்கும்?"

இருவரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கைலியை மடித்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக அவன் நின்றான். மனைவிதான் கேட்டாள்: "நான் இந்தப் பக்கம் சுத்துனேன். அந்தப் பக்கத்துச் சக்கரம் தரைய விட்டு அசையவே இல்ல. ரோட்டுல ரெண்டும்லா சேந்து ஓடும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சக்கரம் நின்றுகொண்டிருந்தால் மற்றச் சக்கரம் இரட்டிப்பாகச் சுற்றிவிடும். தண்டில் பாதிக் கணக்குத்தான் விழும். இத்தனை வருடம் ஓட்டியும் எனக்கு அது தோன்றவில்லை.

இன்னொரு ஜாக்கி வாங்கிவந்து மற்றச் சக்கரத்தையும் தூக்கினோம். அக்காள் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், சேர்ந்தாற்போலச் சுற்றினார்கள். நான் அடியில் கிடந்து எண்ணினேன். ஐந்து சுற்று முழுதாகப் போய், மேலும் கொஞ்சம் போய்க் கோடு நின்றது. எட்டுக்கு நாற்பத்து மூன்று. சந்தேகமே இல்லை.

எழுந்து வந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மாப்ள, தப்பா நெனச்சிட்டேன்" என்றேன்.

அவன் டயரில் இருந்த கோட்டைக் கட்டைவிரலால் அழித்துக்கொண்டே நின்றான்.

"நீங்க தப்பா ஒண்ணும் நெனைக்கல அத்தான். மெக்கானிக்குட்ட மாத்திப் போடத்தான் சொன்னேன். பின்னால போட அவன்ட்ட ஜோடி இருந்துச்சு, முன்னால போட எங்க தேடியும் சிக்கல. அதான் பழைய கணக்கே போட்டான்."

"சிக்கியிருந்தா?"

"போட்டிருப்போம்."

"ஏல, சொல்லுததுக்கு வெக்கமா இல்ல?" என்றாள் அக்காள்.

"பொய் சொன்னாத்தான் வெக்கம். நானும் பாதி ஓனர்தான? பின்ன எனக்குன்னு ஒரு தேவ இருக்காதா?" என்றான். மெக்கானிக் கூட்டை அவசரமாக மூடியது ஏன் என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றான். அதை நான் இன்றுவரை நம்பவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். சாப்பிட்டான்.

மறுநாள் அவன் ஜீப்பைக் கேட்காமல் வாழைத்தாருக்கு ஒரு வாடகை லோடு ஆட்டோ பிடித்து வள்ளியூருக்குப் போனான். நான் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனேன்.