தயிர்ச் சட்டிக்கு இடம் விட்ட மருந்து

என் வீட்டு பிரிஜ்ஜுக்குள் தயிர்ச் சட்டி வைக்க நான் விடுவதில்லை. வெளியே இருந்து புளித்தால் புளிக்கட்டும். மருமகள் இதைக் கிறுக்கு என்று நினைக்கிறாள், நினைத்துவிட்டுப் போகட்டும். சட்டியைக் கண்டாலே பழைய டொக்டர் ஒருவரின் முகம் வந்து நிற்கிறது.

சண்டைக் காலத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் தாதியாக, எங்கட பேச்சில் மிஸ்ஸியாக, இருந்தேன். கரண்ட் கிடையாது. மண்ணெண்ணெயில் ஓடும் பிரிஜ் ஒன்று, அதற்குள் தடுப்பூசிகளும் ஒக்சிரோசின் ஊசிமருந்தும். பிள்ளை பிறந்த பிறகு கருப்பை சுருங்காமல் இரத்தம் கொட்டினால் நிறுத்துவதற்கு எங்களிடம் இருந்த ஒரே மருந்து அதுதான். அதைப் பற்றித் தொடங்கினால் அங்கிருந்த ஒரே டொக்டருக்கு வாய் மூடாது. "இது நியூரோபெப்டைட், மிஸ்ஸி. மூளையில நரம்புக் கலம் செய்து இரத்தத்தில விடுற துண்டுப் புரதம். தாய் பால் குடுக்கக்குள்ள தானா ஊறும். ஊசிமருந்தில வெயில் பட்டா வெறும் தண்ணி" என்று கண்ணை மூடிக்கொண்டு விளக்குவார். விளக்கி முடித்துவிட்டு பிரிஜ்ஜைத் திறந்து எருமைத் தயிரை வழித்துத் தின்பார். மாட்டுப்பட்டிக்காரர் கொண்டுவரும் சட்டிகளுக்கு இடம் போதாதென்று மருந்துப் பெட்டியை யன்னல் திட்டில் வைத்தவரும் அதே மகான்தான். பங்குனி முழுக்க அது அங்கே கிடந்து வெந்தது. "சேர், வெயில் படக்கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டேன். "தயிர் உடனே புளிச்சிடும் மிஸ்ஸி, மருந்து தாங்கும்" என்றார். படித்த மனுசனாம்.

சித்திரையில் ஒரு பட்டிக்காரரின் மனைவிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டோம், இன்னொன்றும் போட்டோம். ஒரு பலனும் இல்லை. சோதனைச் சாவடியை ஆமி மூடிவிட்டது. வாவியைத் தாண்டி மட்டக்களப்புக்குக் கொண்டுபோக வழியில்லை. டொக்டர் வாசலில் நின்று வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளையைத் தாயின் மார்பில் போட்டு, அவளுடைய அடிவயிற்றை விடாமல் தேய்த்தேன். "கண்ணை மூடாத புள்ள, உன்ட மகன் குடிக்கிறான் பார்" என்று கத்தினேன். பிள்ளை சப்பச் சப்ப, கருப்பை என் கைக்குள் மெல்ல இறுகியது. யன்னலில் வெந்த மருந்து செய்யாத வேலையை அவளுடைய மூளையே செய்தது. இரத்தம் அடங்கியது.

"பாத்தீங்களா மிஸ்ஸி, என்ட ஊசி வேலை செய்துட்டு" என்றார் டொக்டர்.

சாவடி திறந்ததும் நான் மட்டக்களப்புப் பட்டினத்துக்குப் போய் புது மருந்து எடுத்துவந்து பிரிஜ்ஜில் வைத்தேன். அடுத்த கிழமை அவளுடைய புருசன் பெரிய தயிர்ச் சட்டி ஒன்றைச் சுமந்து வந்தார். "ஐயா, என்ட பொஞ்சாதிர உசிரை மீட்டுத் தந்தீங்க" என்று கும்பிட்டார். டொக்டர் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டார். பிரிஜ்ஜைத் திறந்து, புது மருந்தை எடுத்து யன்னல் திட்டில் வைத்துவிட்டு, சட்டியை உள்ளே தள்ளினார்.

அவர் அப்பால் போனதும் நான் இரண்டையும் இடம் மாற்றினேன். பின்னேரம் வந்து சட்டியை முகர்ந்து பார்த்தவர் உண்மையாகவே மனம் உடைந்துபோனார். அந்தத் தாய் வெளிறிக் கிடந்தபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு துக்கத்தை நான் காணவில்லை. "வெயில்ல வெச்சுப் பழுதாக்கிட்டீங்களே மிஸ்ஸி" என்றார்.

மருமகள் இன்றைக்கும் புளித்த தயிரைச் சோற்றில் பிசைந்தபடி முணுமுணுக்கிறாள். பேசாமல் சாப்பிடு பிள்ளை, தயிர் புளித்து ஒருத்தரும் செத்ததில்லை என்று சொல்லிவிட்டு நான் எழும்பிவிடுகிறேன்.