இன்னொரு வண்டியின் எஞ்சின்

பொன்முடி ஏறும்போது மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போன ஜீப்பின் பின்விளக்குகள் மட்டும் சிவப்பாகக் கரைந்து தெரிந்தன. பானெட்டிலிருந்து எழுந்த ஆவியையும் நான் பனி என்றே நினைத்துக்கொண்டேன். வெப்பத்தைக் காட்டும் முள்ளைப் பார்க்கத் தோன்றவே இல்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் குலுங்கி நின்றது. பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர், சத்தம் ஓய்ந்ததால் விழித்தார்.

"வந்துட்டோமா?"

"இல்ல. வண்டி நின்னுட்டு."

அவருக்கு வீட்டில் சரியாகத் தூக்கம் வராது. சாலை என்கிற கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம். கடையைப் பூட்டிவிட்டு வந்தாலும் மனம் அங்கேயே மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும். காரில் ஏறினால் மட்டும் ஊருக்குள்ளேயே இருக்கும் பழவங்காடி தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிடும். அவருக்கு ஓட்டத் தெரியாது. என் சம்பளத்தில் வாங்கிய வண்டி, நான்தான் ஓட்டுவேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலையும் இல்லாமல், அவர் தூங்கட்டும் என்பதற்காகவே கோவளம் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

அன்று காரை இழுத்துப்போக ரெக்கவரி வண்டி வரும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்கு வெளியே மலையும் இல்லை, சாலையும் இல்லை. எங்கோ நீர் சொட்டும் ஒலி மட்டும் கேட்டது. எனக்குப் பயமாக இல்லை.

கரமனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் எல்லையோரப் பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்; தண்ணீர் அவருக்கு வெள்ளம்தான்.

"சேச்சி, ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சு வெள்ளம் முழுக்கப் போயிருக்கு. வெள்ளம் இல்லாம ஓடி, பிஸ்டன் இறுகிப் பிடிச்சுப்போச்சு. பிரிச்சு நன்னாக்கலாம். பக்ஷே அந்தச் செலவுக்கு வேற எஞ்சினே வாங்கி வச்சிடலாம்."

"மொத்தம் என்ன ஆகும்?"

அவர் தகரக் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். பழைய எஞ்சின் முப்பத்தஞ்சாயிரத்துக்குக் கிடைக்கும். இறக்கி ஏற்ற கூலி பன்னிரண்டு. அதோடு கிளட்ச், பெல்ட், ஹோஸ், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் எல்லாம் இப்போதே மாற்ற வேண்டும். பிறகு மாற்ற நினைத்தால் இறக்கும் கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டிவரும் என்றார். ஆயில், கூலன்ட், ஆர்.சி.யில் புது எஞ்சின் நம்பரைச் சேர்ப்பது எல்லாம் தனிச் செலவு.

"அறுபதில் நிக்கும். எழுபது ஆனாலும் ஆகும். உறப்பா சொல்ல முடியாது, கேட்டோ."

அலுவலகத்தில் மற்றவர்கள் போட்ட செலவு மதிப்பீடுகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. அதனால் இன்னொரு பட்டறையிலும் கேட்டேன். நாற்பத்தெட்டு என்றார்கள். எதெல்லாம் அதில் சேர்ந்தது என்று விசாரித்தால், எஞ்சினும் கூலியும் மட்டும். மற்றதைக் கூட்டிப் பார்த்தபோது அதே அறுபதில் வந்து நின்றது. ஓடுகிற நிலையில் விற்றால் என் காருக்கு எண்பது கிடைக்கலாம். கிடக்கிற நிலையில் இருபதுகூடத் தேறாது. எந்தப் பக்கமிருந்து கணக்குப் போட்டாலும் இது புத்திசாலித்தனமான செலவாகத் தெரியவில்லை.

அந்த வாரங்களில் பஸ்ஸில் அலுவலகம் போனேன். மழை நாட்கள். ஜன்னலின் பச்சைத் தார்ப்பாயை இறக்கிவிட்டால் பஸ்ஸுக்குள் ஒரு மங்கிய பச்சை வெளிச்சம் பரவும். அதில் கண் செருகும்போதெல்லாம் என் கார் ஆளில்லாமல் எங்கோ ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். வீட்டில் அவர் வாசல் நாற்காலியில் தூக்கமில்லாமல் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார். பட்டறையில் கிடந்த வண்டியை என்ன செய்வதென்று நான் இன்னும் முடிவெடுத்திருக்கவில்லை.

பிறகு மெக்கானிக் கூப்பிட்டார். நெய்யாற்றின்கரைக்கு அப்பால், பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டில் ஒரு எஞ்சின் வந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அவரோடு நாங்கள் இருவரும் போனோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே கதவில்லாத, சக்கரமில்லாத கார்கள் நின்றன. சிலவற்றின் இருக்கைகளில் புல் முளைத்திருந்தது. ஒரு பழைய டயரின் மேல் எஞ்சினை வைத்திருந்தார்கள்.

"இந்த வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் என் கணவர்.

"லாரி பின்னால வந்து இடிச்சது. ஆளுக்கு ஒண்ணும் இல்ல," என்றார் யார்டுக்காரர். "பில்லும் பேப்பரும் எல்லாம் உண்டு."

மெக்கானிக் பாட்டரி வயர்களைப் பொருத்தினார், பெட்ரோல் குழாயை ஒரு கேனில் விட்டார். எஞ்சின் உறுமி, பின் அடங்கி, ஒரே சீராக ஓடத் தொடங்கியது. கார் இல்லை, சாலை இல்லை, ஓட்டுகிறவரும் இல்லை. அது மட்டும் மரநிழலில் டயரின் மேல் மெல்ல நடுங்கிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது. நான் விலையை மறந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் என் கணவர் ஒரு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

கூலன்ட் இல்லாமல் ரொம்ப நேரம் ஓட்டக்கூடாது என்று மெக்கானிக் அணைத்தார்.

"எடுத்துக்கிடலாம்," என்றார் என் கணவர்.

ஒரு மூட்டை அரிசிக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர் அவர். திரும்பும் ஆட்டோவில் கேட்டேன்: "விலையே பேசலியே?"

"அந்தச் சத்தத்துல எனக்கு உறக்கம் வந்துட்டு," என்றார்.

கடைசியில் எழுபத்தோராயிரம் ஆனது. வாட்டர் பம்ப் கசிந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் ரசீதைச் சரிபார்த்தேன், தவறில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஞ்சின் நம்பரைப் பார்த்துப் பதிந்து கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. வண்டியின் ஒலி முன்பைவிடத் தணிவாக இருந்தது. பைபாஸுக்கு வந்த பிறகும் அவர் கண் திறந்தேதான் இருந்தது.

"என்ன, உறக்கம் வரலியா?"

"வேற யாரையோ எங்கெல்லாமோ கூட்டிட்டுப் போன எஞ்சின். முதல் தடவையா நம்மகூட வருது. உடனே உறங்கினா நல்லாவா இருக்கும்?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டு வெளியே பார்த்தார். இந்தப் பாலம் எப்போது வந்தது, அந்த ஆறு எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாலம் பல வருஷமாக அங்கேதான் இருக்கிறது என்றேன். ஆறு எங்கே போகிறது என்று எனக்கும் தெரியவில்லை. கோவளத்துக்குத் திரும்பும் இடம் வந்தபோது வேகத்தைக் குறைத்தேன்.

"திரும்பாண்டாம்," என்றார். "நேராப் போ."