வெயில் புகாத காது

பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில் மாமா எப்போதும் டிரைவர் பக்கத்தில்தான் உட்காருவார். பின்னால் ஏற வேண்டுமானால் குனிய வேண்டும். அவருக்கு முதுகு குனியாது. அன்று திருவேற்காட்டில் ஏறினோம். மாலை வெயில் நேர் எதிரே இருந்தது. பின்சீட்டில் இருந்த எனக்கு முன்னால் இரண்டு தலைகள், நான்கு காதுகள். டிரைவரின் காதுகள் வெயிலில் சிவந்து, உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருந்தன. மெல்லிய நரம்புகூடத் தெரிந்தது. மாமாவின் காதில் தொங்கும் சதை மட்டும் அப்படிச் சிவந்திருந்தது. குருத்தெலும்பு இருக்கும் மேல்பாகத்தில் வெளிச்சம் நுழையவே இல்லை. ஸ்லேட்டுத் துண்டு ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தது போல, நீலமும் சாம்பலுமாக ஓர் இருட்டு.

கை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். மற்றவர்கள் காது போல வளையவில்லை. விறைப்பாக இருந்தது.

"மாமா, காதுல என்ன பூசியிருக்க?"

"இன்னாத்த பூசறது? காது காதாட்டம் தான் கீது. கைய எடு, டிரைவரு சிரிக்கிறான்."

"அண்ணாத்தே, பொண்ணு உனக்கு இன்னொரு தபா காது குத்தி மொய் வாங்கப் பாக்குது," என்றார் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த நிமிஷத்தில்தான் சந்தேகம் என்னைப் பிடித்தது. அதன் பிறகு விடவே இல்லை.

நான் பிசியோதெரபி படித்து முடித்தவள். வானகரத்தில் ஒரு சின்ன எலும்பு கிளினிக்கில் வேலை. நாள் முழுக்க முட்டியை மடக்கி நீட்டச் சொல்வதும், தோளுக்கு மின்சார ஒத்தடம் வைப்பதும்தான் தொழில். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தேய்மானம். ஆனால் நான் அந்தப் பத்தாவது ஆளுக்காகவே காத்திருப்பவள். அபூர்வமான எலும்பு நோய்கள், மூட்டோடு சேர்ந்து தோலும் கெடும் நோய்கள் என்று தேடித்தேடிப் படிப்பேன். என் அம்மா இதை ஒரு வியாதி என்பாள்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. ஆவடி சேக்காட்டில் வீடு, அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் வேலை. ஐம்பது ஆகவில்லை, ஆனால் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்போடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எல்லோரும் முழங்கால் போடும்போது அவர் மட்டும் கடைசி வரிசையில் நிற்பார். கொழுப்பு என்று சிலர் பேசுவது அவர் காதுக்கும் வந்திருக்கிறது.

பட்டறையில் பேசியது வேறு. நடிக்கிறான் என்றார்கள். கனமில்லாத மெஷினுக்கு மாற்றச் சொல்லி மாமா கேட்டதிலிருந்து சூப்பர்வைசருக்கு அவர்மேல் கண். ஒருநாள் மாமா தண்ணீர் கேனைத் தூக்கி வைத்ததை மொபைலில் வீடியோ எடுத்து முதலாளிக்குக் காட்டிவிட்டார். குனியாமல், காலை அகட்டி, கம்பம் போல இறங்கித் தூக்கியதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் கம்பெனி டாக்டர் பார்ப்பார், காரணம் ஒன்றும் இல்லையென்றால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவோம் என்று சொல்லியாயிற்று. இதுவரை பார்த்த டாக்டர்களில் ஒருவர் தேய்மானம் என்றார். இன்னொருவர் முதுகெலும்பு ஒட்டிப்போகும் வாதமோ என்று ரத்தம் பார்த்தார். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் காகிதம் சூப்பர்வைசருக்குத்தான் வசதியாகப் போனது.

நான் முதலில் சந்தேகப்பட்டது மனிதர்களை. மாமா முடிக்குச் சாயம் பூசுகிறவர், அது காதில் இறங்கியிருக்கலாம். தேங்காயெண்ணெயில் பஞ்சை நனைத்துத் தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. அப்புறம் பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அத்தை பாலில் கலந்து கொடுக்கும் பொடியின்மேல் பாய்ந்தேன். வெள்ளி சேர்ந்த மருந்தை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் தோல் நீலம் பாயும் என்று படித்திருக்கிறேன். அடுக்களையில் பொட்டலத்தைப் பிரித்து மோந்துகொண்டிருந்தபோது அத்தை பின்னால் வந்து நின்றாள்.

"இன்னாம்மா மோந்து பாக்குற? உங்க மாமனுக்கு நான் இன்னா வெசமா வெச்சிக்கினு கீறேன்?"

"இல்லத்தை, அதுல என்ன சேர்ந்திருக்குன்னு..."

"சுக்கு, அமுக்கரா. கடைக்காரன் என் கண்ணு முன்னால தான் இடிச்சான். வேணும்னா நீயும் ஒரு டம்ளர் குடி."

குடித்தேன். சுக்குதான்.

அன்று மாமாவை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். கண்ணின் வெள்ளையில், கருவிழிக்கு அருகே, காப்பிப்பொடி ஒட்டினது போல ஒரு பழுப்புப் புள்ளி. கேட்டால், லேத்தில் இரும்புத்தூள் தெறித்தது என்றார். இன்னொரு கண்ணிலும் அதே இடத்தில் அதே புள்ளி. இரும்புத்தூள் இவ்வளவு அளந்தா தெறிக்கும்? காதுக்குக் காரணம் கேட்டால் வெயில். முதுகுக்கு வேலை. அவர் உடம்பில் எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு சாக்கு தயாராக இருந்தது. ஒவ்வொரு சாக்கும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறுத்தியது.

அத்தைக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அது என் சந்தேகத்தைவிடப் பழையது, சூடானது. கொடியில் காய்ந்த பனியனை இழுத்து என் மடியில் போட்டாள். அக்குளிலும் கழுத்திலும் பழுப்புக் கறை.

"நீயே பாரு. இது இன்னான்னு கேளு உங்க மாமனை."

"கூலண்ட் எண்ணெயா இருக்கும் அத்தை. லேத்துல ஊத்துவாங்களே."

"எண்ண எனக்குத் தெரியாதா? இத்தினி வருசமா தொவைக்கிறேன். கழட்டிப் போடறப்போ ஒண்ணுமே இருக்காது. சோப்புத் தண்ணில ஊற வெச்சா அப்பத்தான் நெறம் எழும்புது. சோப்புல நெறம் மார்றது எது? மஞ்சா. எவளோ இந்தாளுக்கு மஞ்சாப் பத்து அரைச்சிப் போட்டு விடறா. ஊட்ல நான் தடவுனா எரியுதுன்றாரு, எங்கியோ போயி தடவிக்கினு வர்றாரு."

கட்டிலில் நேராக, மரப்பலகை போலப் படுத்திருந்த மாமா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னால ஷூ லேசே கட்ட முடியல. எவ ஊட்டுக்கு ஏறிப் போவேன்? போனாலும் ஒக்காந்து எழுந்து வர்றதுக்குள்ள விடிஞ்சிபூடும்."

"சிரிக்காதம்மா நீ," என்றாள் அத்தை என்னிடம். "இவரு பேசியே மழுப்பறவரு."

நான் சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தை சொன்னதில் பாதி சரி. மஞ்சள் சோப்புக்கு நிறம் மாறும். எந்த வீட்டுக் கல்யாணத்திலும் நலங்கு முடிந்து வேட்டியைத் துவைத்தவர்களுக்கு இது தெரியும். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்புத் தண்ணீர் விட்டு நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது சிவக்கும், பழுப்பாகாது. வெயிலில் போட்டால் மஞ்சள் வெளுத்துப் போகும். என் மடியில் இருந்த பனியன் காலையிலிருந்து மொட்டை வெயிலில் கிடந்தது. கறை இன்னும் கறுத்திருந்தது.

"அத்தை, இது மஞ்சள் இல்ல."

"அப்போ இன்னா?"

"மாமாவோட வேர்வை."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, நீயும் உங்க மாமன் கட்சிதானா என்று அர்த்தம்.

இப்படி ஒரு நோய் இருக்கிறது. அல்காப்டோனூரியா என்று பெயர். பிறக்கும்போதே உடம்பில் ஒரு நொதி வேலை செய்யாது. சாப்பாட்டுப் புரதத்திலிருந்து வரும் ஒரு பொருளை உடைக்க முடியாமல் அது உள்ளேயே சேரும். சிறுநீரில் போகும், வேர்வையில் வரும். காற்றுப் பட்டாலோ, சோப்பு சோடா பட்டாலோ கறுக்கும். போக முடியாதது குருத்தெலும்பில் கறுப்பாகப் படிந்து அதை விறைக்க வைக்கும். காது, கண்ணின் வெள்ளை, பிறகு முதுகு, முட்டி, தோள். மிக மிக அபூர்வம். நெருங்கிய சொந்தத்தில் கட்டினவர்களின் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு கூடுதல். மாமாவின் அப்பாவும் அம்மாவும் சொந்த அத்தைமகன், மாமன்மகள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். தம்பி குழந்தையாக இருந்தபோது துணி துவைத்தது அவள்தான்.

"மாமா கொழந்தையா இருந்தப்ப துணில கறை ஏதாவது இருக்குமாம்மா?"

"ஏன் கேக்கற? யார் கேக்கச் சொன்னா?"

"யாரும் இல்ல. நான்தான்."

அங்கே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். ஈரத்துணியில் பார் சோப்புப் போட்டால் திட்டுத்திட்டாகப் பழுப்பாகுமாம். கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் சோப்பை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதே தண்ணீரில், அதே சோப்பில் துவைத்த அவள் பாவாடை ஏன் கறுக்கவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்லி முடித்ததும் குரலைத் தாழ்த்தினாள். "பரம்பரை, அது இதுன்னு எவகிட்டயும் சொல்லி வைக்காத. உனக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம்."

கிளினிக் டாக்டரிடம் மாமாவின் பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுபோனேன். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டுகள் படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். மாமாவுக்கு வரிசையாக வெள்ளை, சுண்ணாம்பு அடைத்த மாதிரி. இத்தனை பேர் பார்த்த படம்தான். எலும்பைப் பார்த்தார்கள். நடுவில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நெட்ல படிச்சியா?"

"புக்லயும் படிச்சேன் சார்."

"போன மாசம் ஒரு அம்மாவுக்கு ஏதோ அபூர்வ எலும்பு நோய்னு சொன்னே. கடைசில வைட்டமின் குறைச்சல்."

"அது தப்பு சார். இது அப்படி இல்ல."

"அப்பவும் இப்படித்தாம்மா சொன்னே." படத்தைத் திருப்பிக் கொடுக்காமல் மேசையில் வைத்துக்கொண்டார். "யூரின் எடுத்து மூடாம வை. கறுத்துதுன்னா கொண்டு வா. முறையா லேபுக்கு அனுப்பி, நானே கையெழுத்துப் போட்டுக் கடிதம் தரேன், அவங்க கம்பெனி டாக்டருக்கும் சேர்த்து. மஞ்சளாவே இருந்துதுன்னா ஒரு வருஷத்துக்கு நீ முட்டிய மட்டும் மடக்கு."

ஒப்புக்கொண்டேன். வெளியே வந்த பிறகு எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. கறுக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேனா? அப்படி வேண்டினால் யாருக்காக? இந்த நோயை வேரோடு எடுக்க மருந்து இல்லை. உள்ளே சேருவதைக் குறைக்க ஒரு மாத்திரை உண்டு, இங்கே கிடைப்பது சுலபமில்லை. புரதத்தை அளவாகச் சாப்பிடலாம், மூட்டு விறைக்காமல் பயிற்சி செய்யலாம், முட்டி போனால் மாற்றலாம். இவ்வளவுதான். ஆனால் பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் அவர் நடிக்கவில்லை என்றாகும். கனமில்லாத வேலையை அவர் பிச்சையாகக் கேட்க வேண்டியிருக்காது. அதற்காகத்தான் வேண்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். முழுக்க நம்பவில்லை.

சேக்காட்டுக்குப் போய் மாமாவிடம் சிறுநீர் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்து நிற்பதற்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இன்னாத்துக்கு ஒண்ணுக்கு? குடிக்கிறேனான்னு பாக்கறாங்களா? கம்பெனில உன்னாண்ட யாரு பேசினாங்க?"

"யாரும் பேசல மாமா."

"அப்புறம் எதுக்கு? அந்த சூப்பர்வைசரு ஒங்க கிளினிக்குக்கு வந்தானா? உண்மைய சொல்லு கண்ணு. இப்பல்லாம் எவன நம்புறதுன்னே தெரியல."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தண்ணீர் கேன் தூக்கியதுகூடச் சாட்சியாகிவிட்ட மனிதர். அவரிடம் இன்னொரு சாட்சி கேட்டு நிற்கிறேன்.

அத்தை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "குடு. கறுக்குதா இல்லியான்னு நானும் பாக்கறேன். கறுக்கலன்னா அந்த மஞ்சாக்காரி யாருன்னு சொல்லிபுடணும்."

"கறுத்துச்சின்னா?" என்றார் மாமா.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள். "கறுத்துச்சின்னா இத்தினி நாளு சண்ட போட்டதுக்கு நானே ஒனக்குப் பத்து அரைச்சிப் போடறேன்."

"வேணாம். அது எரியும்," என்றார் மாமா.

"நீ எடுத்துகினு போய் வேற எதையாச்சும் கலந்துட்டா?" என்று அவர் என்னிடம் திரும்பினார், முழு உடம்போடு. சரிதான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறோம். முடிவு தெரியும்வரை எதுவும் இந்த வீட்டை விட்டு வெளியே போகாது. நாளைக் காலை, பூசைக்குக் கிளம்பும் முன், மூன்று பேரும் மூன்று கண்ணாடி பாட்டில்களில் பிடித்து வைப்போம். மாமா, அத்தை, நான். மூன்றிலும் அத்தை கையாலேயே ஒரு சிட்டிகை சலவைச் சோடா போடுவாள். மூடாமல் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வரிசையாக வைப்போம். மாமா பூசைக்கு வரமாட்டாராம். நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே காவல் இருப்பாராம்.

பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அத்தை வந்து ஒவ்வொன்றாக எடுத்து, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருதரம் கழுவிக்கொண்டிருக்கிறாள்.