முதலில் கைதட்டிய சிறுமி

மீமிசல் பள்ளியில் என் சிறுவர் கதையை வாசித்தேன். அதில் மெட்டை மாற்றி வாசிக்கும் டிரம்பெட்காரரை ஊரே திட்டுகிறது. ஒரு சிறுமி மட்டும் கைதட்டுகிறாள். வாசித்து முடித்ததும், டிரம்பெட் எப்படி ஒலிக்கும் என்று பிள்ளைகளுக்குக் கைபேசியில் ஒரு ஜாஸ் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மெட்டு விலகிய இடத்தில் என் தலை தானாகக் குனிந்தது.

ஆலங்குடியில் சித்தி கல்யாணம். எனக்கு ஒன்பது வயது. வெடிப்புகையும் பன்னீர் வாசமுமாக மாப்பிள்ளை அழைப்பு. பேண்டு செட்டில் சிவப்புக் கோட்டு போட்டவர் டிரம்பெட்டில் ஒரு சினிமாப் பாட்டை எடுத்தார். பல்லவி முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மெட்டை விட்டு எங்கேயோ போனார். ரேடியோ கேட்டு அந்தப் பாட்டை மனப்பாடமாக வைத்திருந்த நான் பெரியப்பாவின் வேட்டியை இழுத்தேன்.

"பெரியப்பா, அவரு தப்பா வாசிக்கிறாரு."

பெரியப்பா ஊர்வலத்தையே நிறுத்திவிட்டார். "என்னய்யா, சின்னப் புள்ளைக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியலையா? ஒழுங்கா வாசி."

அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, ரேடியோவில் வருவதைப் போலவே முதலிலிருந்து வாசித்தார். பிறகு என்னிடம் குனிந்தார்.

"பாப்பா, இப்ப சரியா இருக்கா?"

பெருமையாகத் தலையாட்டினேன்.

பின்னாளில், அப்படி மெட்டை விட்டுப் போகத் துணிந்த ஐந்து வெளிநாட்டு ஜாஸ் கலைஞர்களின் வாழ்க்கையை எழுதித்தான் பெயர் வாங்கினேன். அந்தச் சிவப்புக் கோட்டுக்காரரின் பெயரை ஒருநாளும் விசாரித்ததில்லை.

கைபேசியில் பாட்டு நின்றது. முன்வரிசைச் சிறுமி எழுந்தாள்.

"மிஸ், கதையில கைதட்டுற புள்ள நீங்கதானா?"

பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அன்று போலவே தலையாட்டினேன்.