அனுமதி கேட்க வேண்டாத கொட்டகை

"என் கூரைக்குக் கீழ எவனும் எவன்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல. கேட்டான்னா அவனைத் தூக்கிப் பனியில போடுவேன்!"

வெண்டல் ஹாஸ்கெட் இப்படித்தான் எங்கள் ஊருக்குள் நுழைந்தான். ஒஹையோவில் இருந்த வேலையை உதறி, வீட்டை விற்று, நியூ ஹாம்ப்ஷயரின் இந்த மலையோரத்துக்கு வந்து சேர்ந்த அன்றே, வண்டியிலிருந்து பெட்டியைக்கூட இறக்காமல், தபால் நிலைய வாசலில் நின்று முழங்கினான். அரசாங்கத்தின் கை படாவிட்டால் மனிதன் தானாகவே தேறிவிடுவான் என்று நம்பும் சுதந்திரவாதிகள் ஒவ்வொருவராக இங்கே குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. வந்தவர்களெல்லாம் வெண்டல் மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகையில் கூடினார்கள். அந்தக் கூட்டங்களுக்குத் தலைவர் கிடையாது. ஓட்டெடுப்பும் கிடையாது, அது பெரும்பான்மையின் கொடுங்கோன்மை. பேசுகிறவனை நிறுத்த எவருக்கும் உரிமையில்லை. இத்தனை சுதந்திரத்தோடு பதினான்கு வருடம் கூடியும் அவர்கள் ஒரே ஒரு முடிவுதான் எடுத்திருந்தார்கள்: டோனட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் வெள்ளரி வேண்டும்.

மார்ச் மாத ஊர்த் தேர்தலில், ஊராட்சிக் குழுவின் ஒற்றை இடத்துக்கு அவர்கள் தாபிதா க்ரோவை நிறுத்தினார்கள். குதிரைக்கு லாடம் அடிக்கிற பெண். குதிரையையே பேசி மடக்குகிறவள். தோற்றாள். மறுநாள் காலை கொட்டகையில் கூடியவர்களைப் பார்த்தால் தோற்றவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மரங்களில் சாறு பொங்கி இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. இனிப்பு ஆவிக்குள் நின்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள்.

"போன தடவை நம்ம பொண்டாட்டிங்களே நமக்குப் போடல! இந்தத் தடவை பாதி ஊரு போட்டிருக்கு!"

"உன் பொண்டாட்டி இந்தத் தடவையும் போடலப்பா. என்கிட்டயே சொன்னா."

அப்போதுதான் ஆம்ப்ரோஸ் பிக்கார்ட் எழுந்தான். ஓய்வுபெற்ற பல் மருத்துவன். எதிரில் இருப்பவர் பதில் பேச முடியாத நிலையில் பேசியே வாழ்நாளைக் கழித்தவன். இங்கே கடையைக் கட்டிவிட்டு, எல்லோரும் மேற்கே வேறு மாநிலத்துக்குக் குடிபெயர வேண்டும் என்பது அவன் கட்சி. ரோமாபுரியிலிருந்து ஆரம்பித்தான். டோனட் தீர்ந்தபோது ரோமாபுரி இன்னும் விழவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினார்கள்.

தாபிதா அடுப்பருகே வந்து வெண்டலின் காதைக் கடித்தாள்.

"சனிக்கிழமை ஊரே கூடி ஓட்டுப் போடுற ஊர்க்கூட்டத்துல கோழி வளக்க அனுமதிச்சீட்டு வேணும்னு தீர்மானம் வருது. மத்தவங்க மத்தியானம் சாப்பிடப் போயிடுவாங்க. நம்ம ஆளுங்க நகராம உக்காந்திருந்து எதிர்த்துக் கை தூக்கினா அதைத் தோக்கடிச்சிடலாம். நம்ம முதல் ஜெயம், வெண்டல்! இதைச் சொல்றதுக்குள்ள எல்லாரும் போயிட்டா நம்ம இயக்கமும் போச்சு."

"நம்ம ஆளுங்களா? கை தூக்குறதா?"

"கோழிக்காகத் தூக்குவாங்க. நீ ஆம்ப்ரோஸை நிறுத்து."

"நிறுத்துறதா! அது அவனோட உரிமைம்மா."

"சரி. இவங்கல்லாம் போயிட்டா நாளைக்கு நீ யாரு? ஒஹையோவுல வீட்டை வித்துட்டு வந்து பாகு காய்ச்சுற ஒருத்தன். அவ்வளவுதான்."

வெண்டல் நுரை எடுக்கும் கரண்டியைப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்தான். முதல் ஆள் கதவைத் திறந்தான்; குளிர்காற்று உள்ளே வந்தது. ஆம்ப்ரோஸ் இரண்டாம் சீசரைத் தொட்டான்.

ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை அடுப்பில் விறகு போட நினைவூட்டும் சின்ன மணிக்கருவி ஒன்று வெண்டலிடம் இருந்தது. அதை எடுத்தான். மூன்று நிமிடத்துக்குத் திருகினான். நேரே நடந்துபோய் ஆம்ப்ரோஸின் முன்னால் வைத்தான்.

"யோவ், உக்காரு."

"என்ன இது? சட்டமா?"

"மணி. ஆளுக்கு மூணு நிமிஷம். உனக்கு எப்பவோ முடிஞ்சிருச்சு." பிறகு வாசல் பக்கம் திரும்பினான். "கதவைச் சாத்துய்யா. பாகு ஆறுது."

கதவு சாத்தப்பட்டது. ஆம்ப்ரோஸ் உட்கார்ந்தான். பதினான்கு வருடத்தில் அவன் பேச்சின் நடுவே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

தாபிதா பேசினாள். கோழி என்றதுமே கொட்டகை நிமிர்ந்தது. அனுமதிச்சீட்டு என்றதும் கோட்டுகள் கழன்றன. கூட்டம் கொதித்த கொதியில் அடுப்பைக் கவனிக்க ஆளில்லை. "என் கோழிக்கா சீட்டு?" "முட்டை போடவும் கேக்கணுமா?" "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" "சோத்து மூட்டையோட போவோம்!" எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மணி அடித்தது எவர் காதிலும் விழவில்லை.

வெண்டல் கரண்டியால் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினான்.

"ஒவ்வொருத்தரா. பேசணும்னா கையைத் தூக்குங்க."

ஆவிக்குள் ஒரு கை எழுந்தது, இன்னொன்று, அப்புறம் கொட்டகை முழுக்கக் கைகள். ஆம்ப்ரோஸின் கைதான் எல்லாவற்றையும்விட உயரமாக, வகுப்பறையில் விடை தெரிந்த பையனின் கைபோலத் துடித்துக்கொண்டு நின்றது.

வெண்டல் மணியை மறுபடி திருகி வைத்தான். கரண்டியை ஆம்ப்ரோஸ் பக்கம் நீட்டினான்.

"சரி. நீ பேசலாம்."