எட்டாவது ஃபிளாப்பி

பல்லடத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். கணினி வகுப்பில் எங்களுடன் படித்த ஒருவர் சாலையைக் கடந்து வந்தார். "அருள்மேரி போயிட்டாங்க. காலைல." மூச்சுத் திணறல்தான் என்றார். தலையாட்டினேன். பேருந்து வந்தது, ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்பில் திரையில் பிழைச் செய்தி வந்தால் நாம் பதறி எதையாவது அழுத்துவோம். அவள் மட்டும் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, கடைசி வரை படிப்பாள். சிரிப்போம். "அது சொல்றதை மொதல்ல கேளு புள்ள. அப்பறம் அடி," என்பாள்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் இருந்தாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, வேறு வேலை பாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால்தான் கணினி வகுப்பு. அதனால்தான் யாரோ கழித்துவிட்ட கணினி ஒன்று அவள் வீட்டுக்குள் வந்தது. கல்யாணப் பத்திரிகைகளைத் தட்டச்சு செய்யும் வேலையை வீட்டுக்கே அனுப்புவதாக ஓர் அச்சகம் சொன்னது. அவர்களுடைய தமிழ் எழுத்துகள் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். திங்கட்கிழமை காலை கணினி தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு ஒருவருக்கு. அவள் மறுபடியும் தூசிக்குள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் வீட்டில் நானும் அவளும் கணினி முன் உட்கார்ந்தோம். நாங்கள் ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது, இரவல் வாங்கி வைத்திருந்த, புதிய சிஸ்டம் அடங்கிய ஃபிளாப்பிகளை அவள் அப்பா ஒரு பனியன் துணிப் பையோடு எடுத்து வந்து தந்தார். முதல் ஃபிளாப்பி பழைய சிஸ்டத்தை அழித்தது. இனித் திரும்பிப் போக முடியாது. ஏழு வரை ஒழுங்காகப் போயிற்று. எட்டாவதைப் படிக்க முடியவில்லை என்றது திரை. எடுத்துப் போட்டோம். அதே வரி.

அப்பா எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்றார்.

"ஒரு சொட்டு உட்டுப் பாக்கலாமா கண்ணு?"

"அப்பா, இது உங்க ஓவர்லாக் தையல் மெஷின் இல்லீங்க. எண்ணெய உட்டீங்கன்னா ஒரேடியாப் படுத்துக்கும்."

ஃபிளாப்பி டிரைவைக் கழற்றினோம். உள்ளே பஞ்சு. "இங்கயும் வந்துருச்சு பாரு," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கும்வரை தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து மாட்டினோம். பயனில்லை. வகுப்பில் எழுதிய வேறொரு ஃபிளாப்பியைப் போட்டாள். படித்தது. டிரைவில் குற்றமில்லை. ஒன்பதாவது, பத்தாவது, அதற்குப் பிந்தியவை எதுவும் படிக்கவில்லை.

"ஏழு வரைக்கும் நல்லாருக்குது. மிச்சத்துக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். பீரோவின் பக்கவாட்டில் பெரிய காந்தம் ஒன்று ஒட்டியிருந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது. அதன் அடியில் பனியன் துணியின் நூலிழை ஒன்று தொங்கியது.

அவள் அப்பா டெய்லர். ஊசி முறிந்தால் அத்தனை துண்டும் கிடைக்கும்வரை அடுத்த பீஸைத் தைக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். வீட்டுக்கு எடுத்து வந்து தைக்கும்போதும் அவர் அதை மீறியதில்லை. துண்டுகளை அந்தக் காந்தம்தான் தேடிக் கொடுக்கும். தொலையக் கூடாத எதையும் அவர் அதன் பொறுப்பில்தான் விடுவார். மகளின் ஃபிளாப்பிகளையும் பையோடு அதைக் கொண்டு பீரோவில் பிடித்து வைத்திருக்கிறார். காந்தம் பட்டால் ஃபிளாப்பியில் இருப்பது அழிந்துவிடும். பையில் அந்தப் பக்கமாக இருந்தவை அழிந்துவிட்டன.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையை அழுத்தினாள்.

"என்னாச்சு கண்ணு?"

"ஃபிளாப்பி பழசுங்கப்பா. குடுத்தவங்க பாக்காமக் குடுத்துட்டாங்க."

"வேற வாங்கியாரட்டுமா?"

"அவங்க ஊர்ல இல்லீங்க."

"அப்ப நாளைக்கு?"

"கம்பெனிக்குப் போறனுங்க."

போனாள். வேறு ஃபிளாப்பிகள் கிடைத்தபோது அச்சகத்தில் வேறு ஆள் இருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் அவளை அடக்கம் செய்து எல்லோரும் கலைந்த பிறகு அவள் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்குக் காந்தந்தானே கண்ணு?"

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"கொஞ்ச நாள்ல ஊசி ஒண்ணு முறிஞ்சுது. காந்தத்தைத் தேடுனேன். தொலைஞ்சு போச்சுங்கப்பான்னா. அவ எதையாச்சும் தொலைக்கிற புள்ளையா? ஏன் ஒளிச்சு வெச்சான்னு கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்ககிட்ட விசாரிச்சேன், தெரிஞ்சுது. அவ சொல்லல. நானுங் கேக்கல." என் பக்கம் திரும்பினார். "நீ எழுதற புள்ள. எழுது சாமி. நான் பண்ணுனதுன்னே எழுது."

எழுதிவிட்டேன். ஆனால் அவர் சொன்னபடி எழுத வரவில்லை.

பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வகுப்பில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். கண்டுபிடித்த பிறகு அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அன்று அருள்மேரி திரையை அணைத்தாள். முகத்தைக் கழுவினாள். "சாப்புட வாங்கப்பா, நேரமாச்சு," என்று தட்டை எடுத்து வைத்தாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குரல். காந்தத்தைக் கண்ட பிறகும் அதில் எந்த மாற்றமும் இல்லை.