அந்த டென்ச் மீன் என்னுடையது

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தூண்டில் கிளப்பின் வருடாந்தக் கோப்பை எனக்கு வரவேண்டியது. கேதீஸ் அதை எனக்கு இல்லாமல் செய்தான். செய்துவிட்டுத் தானே வாங்கிக்கொண்டான். போன கிழமை அவனுடைய மகள் அந்தக் கோப்பையின் படத்தை இந்தக் குரூப்பில் போட, நீங்கள் எல்லாரும் கீழே "சாம்பியன்" என்று எழுதினீர்கள். ஆகவே நடந்ததை நான் எழுதவேண்டியிருக்கிறது.

ஈரமான பாண் தூளும் வறுத்த எள்ளும் கலந்த வாசனை... இன்றும் மூக்கில் நிற்கிறது. மீனைக் கூட்டுவதற்காகத் தண்ணீரில் எறியும் இரை அது. பாண் தூள் கிளப்காரர்களின் வழக்கம். எள்ளு என்னுடைய யோசனை. மவுண்ட் வெல்லிங்டன் வீட்டுக் குசினியில் நானே வறுத்து இடித்தேன். எவரும் சொல்லித்தரவில்லை. தூண்டில் முடிச்சுக்கூட நூலகப் புத்தகத்தில் படம் பார்த்துப் பழகியதுதான்.

அப்போது ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் ஃபோர்மன் பாரி, இங்கிலாந்திலிருந்து வந்தவர், கிளப்பின் செயலாளர். அவர் என்னைக் கிளப்பில் சேர்த்தார். பிறகு அதே தொழிற்சாலைக்கு வந்த கேதீஸை நான் சேர்த்தேன். என்னிலும் வயது குறைந்தவன். தூண்டிலை எந்தக் கையால் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்ததே நான்தான்.

கொஞ்ச நாளில் வெள்ளைக்காரர்கள் எல்லாம் அவனைச் சுற்றித்தான். அவன் ஒரு பகிடி விட்டால் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். அதே பகிடியை நான் சொன்னால், "சாரி, மேட்?" என்று காதைக் கிட்டக் கொண்டுவருவார்கள். அவனுக்கு "கெத்" என்று செல்லப்பெயர் வைத்தார்கள். எனக்கு ஒன்றும் வைக்கவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றும்போதும் முதல் கோப்பை அவனுக்குத்தான்...

போட்டி பாபகூராவைத் தாண்டி ஒரு பண்ணைக் குளத்தில். சனி, ஞாயிறு இரண்டு நாளும். கரை நெடுக இலக்கம் எழுதிய முளைகள் அடித்திருக்கும். சீட்டு இழுத்து, எந்த முளை வருகிறதோ அங்கேதான் இருக்கவேண்டும். பிடித்த மீனை நீளமான வலைப்பைக்குள் உயிரோடு வைத்து, கடைசியில் தராசில் நிறுத்துவிட்டுத் திரும்பக் குளத்தில் விடவேண்டும். இரண்டு நாள் நிறையும் சேர்த்து யாருக்குக் கூடவோ அவருக்குக் கோப்பை.

என் மனைவிக்கு இது கடைசிவரை விளங்கவில்லை.

"என்ன விசர் வேலையப்பா இது? பிடிச்ச மீனைத் திருப்பித் தண்ணிக்கை விடுறதுக்கோ விடியமுன்னம் எழும்பிப் போறியள்? ஒண்டையெண்டாலும் குழம்புக்குக் கொண்டுவாங்கோவன்."

சனிக்கிழமை முடிவில் நான் முதலாம் இடம். பாரியே வந்து முதுகில் தட்டினார். அன்று ஒருநாள் என்னைச் சுற்றியும் நாலு பேர் நின்றார்கள். எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார்கள். அது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லி விளங்காது.

ஞாயிறு சீட்டில் கேதீஸுக்கு எனக்குப் பக்கத்து முளை. இரை போதவில்லை என்றான். என் எள்ளில் பாதியைக் கொடுத்தேன். அந்த எள்ளுக்கே மீன் அவனிடம் வந்துகொண்டிருந்தது. பின்னேரத்துக்குள் இரண்டு நாள் கணக்கிலும் என்னை முந்திவிட்டான்.

முடிவு விசிலுக்குச் சற்று முன்னர் என் தக்கை அமிழ்ந்தது. பெரிய டென்ச். பாசி நிறத்தில், சின்னச் சிவந்த கண்ணோடு, குளத்தின் அடியில் கிடக்கும் மீன். இழுத்துக்கொண்டு நாணலுக்குள் போய்விட்டது. நான் பொறுமையாக விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, விடாதேங்கோ! நான் வாறன்!"

கேதீஸ் சப்பாத்தோடு தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டான்.

"வராதை! வராதையடா, அங்காலை போ!"

"பிடியுங்கோ அண்ணை, பிடியுங்கோ... இந்தா, வந்திட்டுது!"

தன் கைவலையால் மீனை ஏந்தி, ஏதோ பெரிய உதவி செய்தவனைப் போலச் சிரித்துக்கொண்டு நின்றான். ஊரில் ஒருவன் வலை இழுத்தால் பக்கத்தில் நிற்பவன் கேட்காமலே கை கொடுப்பான். இங்கே அப்படியில்லை. அவரவர் மீனை அவரவரே கரையேற்றவேண்டும். இன்னொருவர் தொட்டால் அந்த மீன் கணக்கில் இல்லை. அன்று காலையில்தான் பாரி விதிகளை உரத்து வாசித்தார். கேதீஸ் அப்போது பின்னால் நின்று யாரையோ சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான்.

பாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். "சாரி, மேட்" என்றார். அந்த மீன் தராசில் ஏறவில்லை. ஏறியிருந்தால் நான் வென்றிருப்பேன். அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரியும்.

பரிசு கொடுக்கும்போது கேதீஸ், "எல்லாம் அண்ணை பழக்கினது" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அதற்கும் அவனுக்குத்தான் கைதட்டல். மீனைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு கார் நிறுத்தியிருந்த இடத்தில் தனியாக வந்தான்.

"அண்ணை, இது உங்கட. கொண்டுபோங்கோ."

"சபையிலை சொல்லாததை இஞ்சை வந்து சொல்லாதை."

அவனுடைய கையிலிருந்து வாங்க எனக்கென்ன பிச்சையா? காலையில் போன அவன் காரில் ஏறாமல் பாரியின் காரில் வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருடம் கிளப்புக்குச் சந்தா கட்டவில்லை.

இப்போது கேதீஸிடம் சொந்த போட் இருக்கிறது. மீன் எங்கே நிற்கிறது என்று ஒரு திரை காட்டுமாம். பேரப்பிள்ளைகளோடு கடலுக்குப் போய்ப் படம் போடுகிறான். அதற்கும் நீங்கள் கை தட்டுகிறீர்கள். திரையைப் பார்த்துப் பிடிப்பது ஒரு பிடியா? தக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு, குளிரில் கதையில்லாமல் இருந்தோமே... அந்த ஞாயிறு காலையில் பக்கத்து முளையில் அவன் இருந்தபோதுகூட அது நன்றாகத்தான் இருந்தது.

சரி. இனிச் செய்யவேண்டியவை.

கேதீஸ் இந்தக் குரூப்பில், எல்லாரும் பார்க்க, அந்த மீன் என்னுடையது என்று எழுதவேண்டும். ஆங்கிலத்திலும் எழுதவேண்டும், குரூப்பில் இருக்கும் பாரியின் பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

அவனுடைய மகள் படத்தை எடுக்கத் தேவையில்லை. கீழே என் பெயரைச் சேர்க்கவேண்டும், முழுப்பெயராக.

"சாம்பியன்" என்று எழுதியவர்கள் அதை அழிக்கவேண்டும். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

கோப்பையைக் கேதீஸே கொண்டுவந்து தரவேண்டும். மகளிடம் கொடுத்து அனுப்பக் கூடாது. வந்தால் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போகவேண்டும்.

நான் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருக்கிறேன்.